வெறுங்குலைக்கும் கணக்கு கேளுங்கள்

பேராக்கில் ஐந்து ஏக்கரும் பத்து ஏக்கருமாகச் செம்பனை, ரப்பர் நிலம் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும், தோட்டத்தில் உழைத்துச் சேர்த்ததைக் கூட்டுறவுச் சங்கப் பங்குகளாகப் போட்டு வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கும் ஈப்போவிலிருந்து இந்தக் கடிதம்.

உங்கள் குலைகளை ஏற்றிய லாரி எடைமேடையில் ஏறி இறங்கியதும் உங்கள் கைக்கு ஒரு சீட்டு வருகிறது. எடை, எண்ணெய் பிழியும் விகிதம், டன்னுக்கு விலை என்று மூன்று விவரம் அதில் இருக்கும். அந்த விலையை எண்ணெயையும் பருப்பையும் வைத்துத்தான் போடுகிறார்கள். ஆலைக்குள் நீங்கள் அனுப்பியதோ முழுக் குலை. நூறு டன் குலை உள்ளே போனால் ஏறத்தாழ 20 டன் எண்ணெய் கிடைக்கிறது. கூடவே 22 டன் அளவுக்கு வெறுங்குலையும், 13 டன் அளவுக்கு நாரும், ஐந்தாறு டன் ஓடும், ஆலையில் சேரும் நீரோடு கலந்து 60 டன்னுக்கும் மேற்பட்ட கழிவுநீரும் வருகின்றன. நேற்றுவரை இவற்றுக்கெல்லாம் குப்பை என்றே பெயர். இன்று எரிபொருள் என்கிறார்கள். 2012-இல் ஜப்பான் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு உறுதி விலை தரத் தொடங்கிய பிறகு, நம் நாட்டுச் செம்பனை ஓடு கப்பல் கப்பலாக அங்குள்ள மின்நிலையங்களுக்குப் போகிறது. 2023-இல் அரசாங்கம் எரிசக்தி மாற்றத்துக்கான தேசியப் பாதை வரைவையும், 2030 வரைக்குமான உயிர்த்திரள் செயல்திட்டத்தையும் வெளியிட்டது. ஒப்பந்தங்கள் எழுதப்படப் போகும் காலம் இது. எழுதி முடித்த பிறகு புலம்பிப் பயனில்லை என்பதால்தான் இப்போதே உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு பத்து ஏக்கரை எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு ஆண்டுக்கு ஆறரை டன் குலை என்று வைத்தால் பத்து ஏக்கரில் 65 டன். அதிலிருந்து 14 டன் வெறுங்குலையும், எட்டு டன்னுக்கு மேல் நாரும், நாலு டன்னை ஒட்டி ஓடும், 40 டன் கழிவுநீரும் பிறக்கின்றன. ஒரு டன் கழிவுநீர் காற்றுப் புகாமல் புளித்தால் சுமார் 28 கன மீட்டர் எரிவாயு தரும். அப்படியானால் உங்கள் பத்து ஏக்கரின் கழிவுநீரில் மட்டும் ஆயிரம் கன மீட்டருக்கும் அதிகமான வாயு இருக்கிறது. அதை மின்சாரமாக்கினால் ஏறக்குறைய 2,000 யூனிட். நடுத்தரக் குடும்பம் ஒன்றுக்கு அரை ஆண்டுக்குப் போதுமானது. இது தோராயமான கணக்குதான், ஆலைக்கு ஆலை மாறும். ஆனால் நீங்கள் ஒவ்வொரு ஆண்டும் விலையில்லாமல் கொடுத்துவிட்டு வருவது எவ்வளவு என்று புரிந்துகொள்ள இது போதும்.

இப்படிக் கொடுத்துவிட்டு வருவது நம் வரலாற்றில் முதல் தடவையும் அல்ல. 1877-இல் கோலா கங்சாரில் நடப்பட்ட கன்றுகளில் தொடங்கியது இந்த மாநிலத்தின் ரப்பர் கதை. நூறு ஆண்டு காலம் அந்த மரத்தில் பாலுக்குத்தான் விலை. பால் வற்றிய மரத்தை வெட்டி, ஷீட்டு காய வைக்கும் புகைக்கூடத்துக்கும் செங்கல் சூளைக்கும் விறகாகப் போட்டார்கள், அல்லது வெட்டிய இடத்திலேயே கொளுத்தினார்கள். பூஞ்சையும் வண்டும் சில நாள்களிலேயே கட்டையைக் கெடுத்துவிடும் என்பதால் வேறு வழி தெரியவில்லை. மருந்தேற்றி உலர்த்தும் முறை வந்தது, மரத்தின் தலையெழுத்து மாறியது. விறகாய்ப் போன அதே மரம் மலேசியத் தளவாடத் தொழிலின் முதுகெலும்பானது. இன்று ஏற்றுமதியாகும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி ரப்பர் மரத்தால் ஆனவை. விலை ஏறிய அந்தக் காலத்தில்தான் தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறிக்கொண்டிருந்தன. இருபத்தைந்து ஆண்டுகள் அந்த மரத்தின் பட்டையை விடியலுக்கு முன்பே சீவியவர்களுக்கு, கடைசியில் அது கட்டையாக விலை போனபோது அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. லயத்தைக் காலி செய்யச் சொல்லும் கடிதம்தான் பலருக்கு வந்தது. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை நினைவூட்டவில்லை. கழிவுக்கு விலை வரும் நேரத்தில் ஒப்பந்த மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே பிறகு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதற்கு நம் கண்முன்னே நடந்த சாட்சி அது.

சரி, மரத்தையும் கழிவையும் எரித்து எரிசக்தி எடுப்பது நிலைத்து நிற்குமா, அல்லது ஒரு தலைமுறையில் மண்ணையும் காட்டையும் தின்று முடித்துவிடுமா? நியாயமான கேள்வி. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலைக்கரிக்காகச் சுற்றிலும் இருந்த காட்டை எப்படி விழுங்கின என்பது பேராக் அறிந்த செய்தி. ஆனால் அதற்கு மறுபக்கமும் இதே மாநிலத்தில் இருக்கிறது. தைப்பிங்கிலிருந்து கோலா செப்பேத்தாங்குக்குப் போங்கள். 1885-இல் மலாயாவின் முதல் ரயில் பாதை போய்ச் சேர்ந்த போர்ட் வெல்ட் துறைமுகம் அதுதான். அங்கே மாத்தாங் சதுப்புநிலக் காடு சுமார் 40,000 ஹெக்டரில் பரந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே வனத்துறை அதைத் திட்டம் போட்டு வெட்டி வருகிறது. நூறு ஆண்டுக்கு மேல் வெட்டியும் காடு காடாகவே இருக்கிறது.

அந்தக் காடு பிழைத்ததன் இரகசியம் அங்கே பின்பற்றப்படும் வரிசைமுறையில் இருக்கிறது. அங்கே ஒரு துண்டுக் காட்டை வெட்டினால் அடுத்த வெட்டு முப்பது ஆண்டு கழித்துத்தான். இடையில் பதினைந்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் நெருக்கமாய் நிற்கும் மரங்களைக் களைந்து கம்புகளாக விற்கிறார்கள். மீதி மரம் பருக்க இடம் கிடைக்கிறது. வெட்டிய இடத்தில் தானாக முளைக்காவிட்டால் கன்று நடுகிறார்கள். ஆற்றோரத்தில் ஒரு பட்டையை வெட்டாமல் விடுகிறார்கள். இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்று உண்டு. கரிமூட்டங்களுக்கு உரிமம் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு இவ்வளவு காடு என்று அளந்து கொடுக்கப்படுகிறது. நாற்பது டன் பச்சை மரம் அடுக்கி, வாரக்கணக்கில் கனன்று, பத்து டன் அளவுக்குக் கரி தரும் அந்தச் செங்கல் மூட்டங்களை நினைத்தபடி கட்டிவிட முடியாது. காடு எவ்வளவு வளர்கிறது என்பதைப் பார்த்துத்தான் எத்தனை மூட்டம் எரியலாம் என்று முடிவாகிறது. காட்டை அளந்த பிறகு அடுப்பு. இந்த வரிசை தலைகீழானால் எந்தக் காடும் தாங்காது. மாத்தாங்கிலும் குறை இல்லாமல் இல்லை. விற்பனைக்கான மரமே பெருகி மற்ற வகைகள் சுருங்கின என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் அந்தக் காட்டு ஓரத்துச் சேற்றில் இன்றும் சிப்பி விளைகிறது, இறால் கிடைக்கிறது, கரையோரக் கிராமங்கள் அதில் பிழைக்கின்றன. எரிபொருளுக்காக வெட்டப்படும் காட்டைப் பற்றி உலகில் வேறு எத்தனை இடத்தில் இப்படிச் சொல்ல முடியும்?

அந்த வரிசையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பாடம் இருக்கிறது. 2001-இல் அரசாங்கம் சிறிய புதுப்பிக்கத்தக்க மின்திட்டம் ஒன்றைத் தொடங்கி, 2005-க்குள் 500 மெகாவாட் என்று இலக்கு வைத்தது. செம்பனைக் கழிவுதான் அதன் பெரிய நம்பிக்கை. 2005 முடிவில் மின்தொகுப்பில் சேர்ந்தது 12 மெகாவாட் மட்டும். யூனிட்டுக்கு 17 சென் அளவில் இருந்த விலை கட்டுப்படியாகவில்லை என்பது ஒரு காரணம். ஆலைகளிலிருந்து மின்கம்பிக்கு இருந்த தூரம் இன்னொன்று. ஆனால் ஆழமான காரணம், கழிவு தொடர்ந்து கிடைக்கும் என்பதற்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை என்பதே. ஓட்டுக்கு வெளியே நல்ல விலை கிடைத்ததும் அது வேறு வழி போயிற்று. பத்தாண்டுக்கு எரிபொருள் உறுதி இல்லாத உலைக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? உலையை முதலில் வரைந்துவிட்டு, அதற்குத் தீனி எங்கே என்று பிறகு தேடினார்கள். தீனி உங்கள் நிலத்தில் இருந்தது. உங்களை யாரும் கேட்கவில்லை.

2011-இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்து உறுதி விலை முறை தொடங்கிய பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. அந்த உறுதி விலைக்கான நிதி எங்கிருந்து வருகிறது என்று உங்கள் மின்கட்டணச் சீட்டைப் பாருங்கள். மாதம் 300 யூனிட்டைத் தாண்டும் வீடுகளிடம் கட்டணத்தோடு ஒரு சிறு விழுக்காடு சேர்த்து வாங்கினார்கள். 2014-இல் அது 1.6 விழுக்காடு ஆனது. உங்களில் பலர் இந்த எரிசக்திக்கு ஏற்கெனவே பணம் கட்டியவர்கள். எரிபொருளைக் கொடுத்தவரும் நீங்கள், மானியம் கொடுத்தவரும் நீங்கள். இனியும் இதில் உங்களுக்கு இடமில்லை என்றால் அதை ஏற்கக் கூடாது.

இனி, எதை முதலில் கேட்பது என்று பார்ப்போம். என் கருத்தில் கழிவுநீர்க் குளம்தான் முதலில். திறந்த குளத்தில் கழிவுநீர் புளிக்கும்போது மீத்தேன் எழும்பி வானத்துக்குப் போகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப்போல் இருபத்தைந்து மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. குளத்தை மூடி அதைப் பிடித்து எரித்தால் மின்சாரம், பிடிக்காவிட்டால் நாசம். இதற்காக ஒரு மரத்தை வெட்ட வேண்டாம், மண்ணிலிருந்து ஒரு பிடியும் குறையாது. வாயு பிரிந்த பிறகு நீரில் எஞ்சும் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் வயலுக்கே திரும்பலாம். 2014 முதல் புதிதாகக் கட்டும் ஆலைகளுக்கு இந்த வசதி கட்டாயம். பழைய ஆலைகளில் எத்தனையோ குளங்கள் இன்னும் திறந்தபடியே கிடக்கின்றன. முடியாத வேலை என்று சொல்பவர்களைத் தெலுக் இந்தான் அருகே ஜெண்டராட்டாவைப் பார்க்கச் சொல்லுங்கள். 1906-இல் டேனிஷ்காரர் ஒருவர் தொடங்கிய அந்தத் தோட்ட நிறுவனம், செம்பனைக் கழிவை எரித்து நீராவி எடுப்பதிலும் மீத்தேனைப் பிடிப்பதிலும் இருபது ஆண்டுக்கு முன்பே இறங்கிவிட்டது. பேராக் மண்ணில், பேராக் குலையில் முடிந்த வேலை இது.

வெறுங்குலையைப் பற்றி நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். அதை எரிப்பதைவிட வயலுக்குத் திருப்புவதே மேல். வெறுங்குலை நிறையச் சாம்பல்சத்து கொண்டது. எருவுக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். அறுபது விழுக்காட்டுக்கு மேல் ஈரம் உள்ள அதை எரிக்கப் பிழிந்து உலர்த்தி நறுக்க வேண்டும். அதே சாம்பல்சத்து கொதிகலனின் குழாய்களில் உருகிப் படிந்து தொல்லை தரும். மண்ணுக்கு மருந்தாக இருப்பதை உலைக்கு நஞ்சாக்குவானேன்? எரித்தே ஆக வேண்டிய இடத்தில் சாம்பலாவது திரும்பி வர வேண்டும். மறுநடவின்போது சாயும் அடிமரத்தின் கதை வேறு. ஏக்கருக்கு ஐம்பது அறுபது மரம், உலர்ந்த கணக்கிலேயே இருபது டன்னுக்கு மேல் வரும். அப்படியே நறுக்கிப் போட்டால் காண்டாமிருக வண்டு அதில் குடியேறி இளங்கன்றைத் தின்கிறது, கானோடெர்மா அழுகலும் பரவுகிறது. எரிக்கவோ சட்டம் விடாது. அடிமரத்தில் ஒரு பகுதியை வெளியே கொடுப்பதற்கு நியாயம் உண்டு. மட்டையும் வேரும் மண்ணிலேயே இருக்கட்டும்.

மரத்தை எரித்து மின்சாரம் எடுப்பதே மோசடி என்று சுற்றுச்சூழல் இயக்கத்தினர் சொல்வதையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தின் டிராக்ஸ் மின்நிலையம் அமெரிக்கக் காட்டு மரத்தைக் கடல் கடந்து கொண்டுவந்து எரிக்கிறது. புகைக்கூண்டில் கணக்கெடுத்தால் அதே அளவு மின்சாரத்துக்கு மரம் நிலக்கரியைவிடக் குறைவாகக் கரியமில வாயு விடுவதில்லை. வெட்டிய காடு மீண்டும் வளர்ந்து அந்தக் கடனை அடைக்கப் பல பத்தாண்டு பிடிக்கும். ஆகவே எரிபொருளுக்காகக் காட்டை வெட்டும் எந்தத் திட்டத்துக்கும், எரிபொருளுக்காகவே நட்டு வெட்டப் போகிறோம் என்று காட்டு நிலத்தைக் கேட்கும் எந்தத் திட்டத்துக்கும் நீங்கள் துணை போகக் கூடாது. ஆனால் குளத்தில் புளிக்கும் கழிவுநீர் எவரும் வெட்டிய காடு இல்லை. ஆலையில் குவியும் நாரும் ஓடும், தளவாடத்துக்குப் போக மிஞ்சிய ரப்பர் கிளையும், கிரியான் வயல் நெல்லின் உமியும் அப்படித்தான். இவை எப்படியும் அழுகப் போகின்றவை அல்லது எரியப் போகின்றவை. இந்த வேறுபாட்டை நீங்களே உரக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நல்லதும் கெட்டதும் ஒரே பெயரில் விற்கப்படும்.

சூரிய ஒளி மலிவாகிவிட்ட பிறகு இது எதற்கு என்று இளையவர்கள் கேட்கிறார்கள். கூரையில் தகடு போடுங்கள், தாராளமாக. ஆனால் அந்தத் தகடு குளத்து மீத்தேனை நிறுத்தாது. இரவில் ஆலைக்கு ஆவியும் தராது. மஞ்சோங் கடற்கரையில் சுமார் 4,000 மெகாவாட் நிலக்கரி நிலையம் வெளிநாட்டுக் கரியை எரித்து நம் இரவுகளுக்கு வெளிச்சம் தருகிறது. அதற்குப் பக்கத்து மாவட்டங்களில்தான் நம் செம்பனை நிற்கிறது. சூரிய ஒளி, கழிவு எரிசக்தி இரண்டும் வேண்டும்.

இன்னொரு மறுப்பு இருக்கிறது. அதுதான் கடினமானது. எடைமேடையைத் தாண்டியதும் குலை ஆலைக்காரருடையது, அதிலிருந்து வருவதெல்லாம் அவருடையதே, நாம் எப்படிக் கேட்பது? சட்டப்படி சரிதான். முதல் போட்டு உலை கட்டுபவரும் அவர்தான், அவருக்கும் இலாபம் வேண்டும். ஆனால் விலை என்பது பேசித் தீர்மானிப்பது. இன்று அந்தப் பேச்சில் ஓடும் வெறுங்குலையும் இல்லாமல் போனதற்குக் காரணம், பத்து ஏக்கர்க்காரர் தனியாக, வியாபாரி மூலமாக, அழுகுமுன் விற்றாக வேண்டிய பழத்தோடு நிற்பதுதான். தனி ஆளாகக் கேட்டால் சிரிப்பார்கள். இருநூறு பேர் சேர்ந்து, ஆண்டுக்குப் பதிமூன்றாயிரம் டன் குலையோடு கேட்டால் உட்காரச் சொல்வார்கள். சேர்வதற்கு நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுத் துண்டாடல் தலைவிரித்தாடியபோது, சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டாளிகளிடம் பணம் சேர்த்து 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். பால் வெட்டியவர்களின் சிறுசேமிப்பு தோட்டங்களை வாங்கியது. நிலத்துக்காக அன்று சேர்ந்தவர்களின் பிள்ளைகள், அந்த நிலத்தின் கழிவுக்காக இன்று சேர முடியாதா? 2020 முதல் மலேசியச் செம்பனைத் தரச்சான்றிதழ் கட்டாயமானதால், சிறுதோட்டக்காரர்களை வட்டாரம் வட்டாரமாகக் குழுக்களில் பதிந்திருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல்கூட ஏற்கெனவே இருக்கிறது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், உங்கள் குழுவிலோ சங்கத்திலோ ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள். நீங்கள் குலை விற்கும் ஆலைக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதி, குளம் மூடப்பட்டிருக்கிறதா, வெறுங்குலை எங்கே போகிறது, ஓடு யாருக்கு என்ன விலைக்குப் போகிறது என்று கேளுங்கள். அடுத்த கொள்முதல் ஒப்பந்தத்தில், விற்ற குலையின் எடைக்கு ஏற்ப வெறுங்குலையோ அதன் மக்கிய எருவோ உங்கள் நிலத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதையும், ஓட்டிலும் வாயுவிலும் வரும் வருமானத்தில் ஒரு பங்கு குலையின் விலையோடு சேர வேண்டும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். உடனே கிடைக்காது. முதலில் எருவாவது கிடைக்கும், அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்கலாம். மறுநடவுக்கு வரும் அடிமரத்துக்கு எந்த முகவர் வந்து நீட்டினாலும் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். சங்கமே மொத்தமாகப் பேசட்டும், டன்னுக்கு என்ன விலை என்பதோடு எவ்வளவு ஈரத்தில் என்பதையும் எழுதி வாங்கட்டும்.

அதற்கெல்லாம் அடிப்படையாக ஒரு பதிவேடு வேண்டும். மாத்தாங்கில் எந்தத் துண்டுக் காடு எந்த ஆண்டு வெட்டுக்கு வரும் என்று எழுதி வைத்திருப்பதுபோல், உங்கள் வட்டாரத்தில் எத்தனை ஏக்கர் எந்த ஆண்டு மறுநடவுக்கு வரும், ஆண்டுக்கு எவ்வளவு குலை விளைகிறது, மண்ணுக்கு ஒதுக்கியது போக எவ்வளவு கொடுக்க முடியும் என்ற கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும். வங்கி கேட்பதும் அதைத்தான், உலை கட்ட வருபவர் கேட்பதும் அதைத்தான். உலையின் அளவை அந்தக் கணக்கு சொல்லட்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சங்கச் செயலாளர் அதைத் திறந்து மேசையில் வைக்கட்டும். ஒவ்வொருவராக வந்து உங்கள் கிராண்ட் எண்ணையும், ஏக்கரையும், மரம் நட்ட ஆண்டையும் எழுதுங்கள்.